பின்னால் வரும் வீடு: கேரவன் இழுக்க எந்தக் கார்?

பிரிட்டனில் கேரவன் கதை குதிரையில் தொடங்கியது. 1885-இல், ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவரும் சிறுவர் கதை எழுத்தாளருமான வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ், பிரிஸ்டல் நகர வண்டிப் பட்டறை ஒன்றில் தமக்கென ஒரு நடமாடும் வீட்டைச் செய்துகொண்டார். ‘வாண்டரர்’ என்று அதற்குப் பெயர் வைத்தார். இரண்டு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் வரை அதில் பயணம் போனார். பிழைப்புக்கென்று இல்லாமல் ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன் அதுதான் என்பார்கள். 1907-இல் கேரவன் கிளப் அமைந்தது. 1919-இல் பர்மிங்காமின் எக்கிள்ஸ் நிறுவனம் காரில் பூட்டி இழுக்கும் கேரவன்களை விற்பனைக்குச் செய்யத் தொடங்கியது. அன்று முதல் ‘எந்தக் குதிரை’ என்ற கேள்வி ‘எந்தக் கார்’ என்று மாறிவிட்டது. நூறு ஆண்டு கடந்தும் பெரும்பாலோர் அதற்கு விடையைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அங்கே கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் இளைப்பாறும் பெரிய வேன். இங்கே நான் பேசுவது எஞ்சின் இல்லாத வண்டியைப் பற்றி. பெரும்பாலும் ஒரே அச்சு, இரண்டு சக்கரம். உள்ளே படுக்கை, சமையல் மேடை, கழிவறை. முன்னால் நீளும் இரும்புச் சட்டத்தின் முனை, காரின் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் இரும்பு உருண்டைமேல் வந்து உட்காரும். அந்த உருண்டைக்கு டோபால் என்று பெயர். காரும் கேரவனும் சேர்வது அந்த ஓரிடத்தில் மட்டுமே.

கார் வாங்கப் போகிறவர் விற்பனையாளரிடம் கேட்பது பெரும்பாலும் “கேரவனை இழுக்குமா?” என்றுதான். சமதரையில், காற்றில்லாத நாளில், ஏறக்குறைய எந்தக் காரும் ஏதாவது ஒரு கேரவனை இழுத்துவிடும். எஞ்சின்கள் இன்று அவ்வளவு வலுவாக இருக்கின்றன. ஆனால் மோட்டார்வேயில் மணிக்கு 50 மைல் வேகத்தில் போகும்போது பக்கத்தில் ஒரு பெரிய லாரி கடந்து போகிறது. காற்று கேரவனின் பக்கச் சுவரை முதலில் தள்ளி, பிறகு இழுக்கிறது. அந்த நொடியில் எது எதை ஆள்கிறது? கார் கேரவனை அடக்குகிறதா, கேரவன் காரை ஆட்டுகிறதா? நல்ல இழுவைக் காரைத் தேடுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். விடையின் பெரும்பகுதி குதிரைத்திறனில் இல்லை. காரின் எடையில் இருக்கிறது.

எடைக் கணக்கு

பிரிட்டனின் கேரவன் சங்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் ஒரு கணக்கு உண்டு. சாமான் ஏற்றிய கேரவனின் எடை, காலிக் காரின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பழகிய ஓட்டுநர் 100 விழுக்காடு வரை போகலாம். அதற்கு மேல் யாரும் போகக் கூடாது. இது சட்டமில்லை, அறிவுரை. ஆனாலும் கேரவன் உலகில் இதற்கு இணையாக உயிர் காத்த அறிவுரை வேறில்லை என்றே நான் நினைக்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். கேரவனின் வாசலருகே ஒட்டிய தகட்டில் உச்ச எடை 1,400 கிலோ என்று இருக்கிறது. 85 விழுக்காட்டுக் கணக்குக்குக் கார் ஏறத்தாழ 1,650 கிலோ இருக்க வேண்டும். அதாவது கூரை பின்கோடி வரை நீளும் ஒரு பெரிய எஸ்டேட் காரோ, நடுத்தர எஸ்.யூ.வி.யோ தேவை. இந்த இடத்தில் பலர் இரண்டு தவறுகள் செய்கிறார்கள்.

முதல் தவறு கேரவன் பக்கம். விளம்பரத்தில் தெரியும் எடை, தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது உள்ள எடை. மேலே சொன்ன கேரவன் அப்போது 1,250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாம் ஏற்றக்கூடியது 150 கிலோ. கேட்க நிறையத்தான் தெரியும். ஆனால் பேட்டரி 20 கிலோவுக்கு மேல். கேரவனைக் கையால் தள்ளாமல் நகர்த்தும் மின் மூவர் பொருத்தினால் இன்னும் 30 கிலோ. வாசலில் விரிக்கும் கூடாரம் 25 கிலோ. நான்கு பேர் குடும்பத்தின் துணிமணி, போர்வை, தலையணை ஆளுக்கு 20 கிலோ என்றால் 80. கூட்டிப் பாருங்கள்: எரிவாயு உருளையும் ஒரு தட்டும் கரண்டியும் ஏற்றும் முன்பே அளவு தாண்டிவிட்டது. நம் வீடுகளில் பயணம் என்றால் பத்துக் கிலோ அரிசிப் பையும், இட்லிப் பானையும், மாவு அரைக்கும் கிரைண்டரும் கூடவே வரும். அவற்றை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கணக்கில் சேர்க்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

இரண்டாவது தவறு கார் பக்கம். ‘காலிக் காரின் எடை’ என்பதற்கே இரண்டு பொருள் உண்டு. பிரிட்டனின் பழைய வரையறையில் ஓட்டுநர் கிடையாது. ஐரோப்பிய வரையறையில் ஓட்டுநருக்கென்று 75 கிலோ சேர்ந்திருக்கும். கார் நிறுவனங்களின் கையேடுகளில் இரண்டும் புழங்குகின்றன. 1,650 என்று அச்சிட்டிருப்பது ஓட்டுநரைச் சேர்த்த எடை என்றால், கார் உண்மையில் 1,575 கிலோ. அதே 1,400 கிலோ கேரவன் இப்போது 89 விழுக்காடு ஆகிவிடுகிறது. எண் எந்த வரையறையில் தரப்பட்டது என்று கேட்காமல் கணக்குப் போடுவது வீண்.

காரின் இழுவை வரம்பு வேறு எண். அதைக் காரின் சட்டத்தில் அடித்த தகட்டிலேயே படிக்கலாம். அதில் வரிசையாக நான்கு எடைகள் இருக்கும்: ஆளும் சாமானும் ஏற்றிய காரின் உச்ச எடை, காரும் பின்வண்டியும் சேர்ந்த உச்ச எடை, பிறகு முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உரிய எடைகள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், கார் நிறைந்திருக்கும்போது பின்னால் எவ்வளவு கட்டலாம் என்று தெரியும். இரண்டாவது எண் இல்லாமல் கோடு மட்டும் இருந்தால் அந்தக் கார் எதையும் இழுக்க அனுமதி பெறாதது. சில கார்களில் விளம்பரத்தில் 1,800 கிலோ இழுக்கும் என்று இருக்கும். தகட்டில் 2,200, 3,700 என்று இருக்கும். அந்தக் காரில் ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் பின்னால் 1,500 கிலோதான் கட்ட முடியும்.

இந்த வரம்பு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் அதன் பொருளும் விளங்கும். ஐரோப்பிய விதிப்படி, காரும் பின்வண்டியும் முழு எடையில், நூறு மீட்டருக்குப் பன்னிரண்டு மீட்டர் ஏறும் சரிவில் நின்ற நிலையிலிருந்து புறப்பட வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை. கிளட்சும் எஞ்சினும் அதைத் தாங்குகின்றனவா என்று காட்டும் சோதனை இது. லாரி கடக்கும்போது வண்டி நிலைகுலையாமல் இருக்குமா என்று இது சொல்லாது. லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3,500 கிலோ வரை இழுக்க அனுமதி பெற்றது. அந்தக் காரின் எடை அதைவிட மிகக் குறைவு. அனுமதி இருக்கிறது என்பதற்காக 3,500 கிலோ கேரவனை அதில் கட்டுவது அறிவுடைமை ஆகாது. இழுவை வரம்பு, 85 விழுக்காட்டுக் கணக்கு இரண்டையும் பார்த்து, எது குறைவோ அதையே பின்பற்ற வேண்டும்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டி ஓட்டிய தலைமுறைக்குக் கேரவன் இயற்பியலைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூட்டை ஏற்றும்போது அவர்கள் பார்த்தது முன்பாரமும் பின்பாரமும்தான். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். கொஞ்சம் முன்பாரமாக, மாடு அதை உணரும் அளவுக்கு மட்டும் இருந்தால் வண்டி ஒழுங்காகப் போகும். கேரவனும் ஓரச்சு வண்டி. மாட்டின் கழுத்து இருந்த இடத்தில் இன்று டோபால் இருக்கிறது.

பிரிட்டனில் கேரவனின் முன்பாரம் அதன் ஏற்றிய எடையில் 5 முதல் 7 விழுக்காடு இருக்க வேண்டும் என்பார்கள். 1,400 கிலோவுக்கு அது 70 முதல் 98 கிலோ. ஒவ்வொரு காரின் டோபாலுக்கும் ஒரு தாங்கு வரம்பு உண்டு. சிலவற்றில் 75 கிலோ, சிலவற்றில் 100. எடையில் தேறிய, இழுவையில் தேறிய ஒரு கார், டோபால் வரம்பு 75 என்றால் இந்தக் கேரவனுக்கு மட்டுமட்டாகத்தான் பொருந்தும். முன்னாலிருந்த எரிவாயு உருளையைக் கொஞ்சம் நகர்த்தினாலும் ஒன்று வரம்பு தாண்டும், அல்லது முன்பாரம் போதாமல் போகும். கார் தேர்வில் பலரும் கடைசியாகப் பார்க்கிற இந்த எண்ணை நான் மூன்றாவதாகவே பார்க்கச் சொல்வேன்.

இந்த முன்பாரம் காரை என்ன செய்கிறது? பின் அச்சிலிருந்து டோபால் ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டோபாலில் 80 கிலோ அமர்ந்தால், ஏற்றப்பலகைபோல் முன் அச்சிலிருந்து ஏறத்தாழ 29 கிலோ எழும்பிவிடும். பின் அச்சில் 109 கிலோ ஏறும். முன்சக்கரம் இழுக்கும் காருக்கு இது இரட்டை நட்டம். பிடிமானம் தேவைப்படும் சக்கரமே இலேசாகிறது. மழையில் நனைந்த புல்வெளியில், ஈரச் சரிவில், சக்கரம் சுழலுமே தவிர வண்டி நகராது. பின் அச்சுக்கும் டோபாலுக்கும் இடைவெளி குறைந்த, அச்சுகளுக்கிடையே நீளம் மிகுந்த கார் இதனால்தான் இழுவைக்கு ஏற்றது. கடைக்காரர் சொல்லாத இந்த அளவை டேப் வைத்து நாமே அளந்துகொள்ளலாம்.

பாரம் தவறினால் வருவது வாலாட்டம். கேரவன் ஊசல்போல் இடமும் வலமும் ஆடத் தொடங்கி, ஒவ்வோர் ஆட்டத்திலும் காரின் பின்புறத்தை உலுக்கும். வேகம் கூடக்கூட ஆட்டம் தானாக அடங்குவது குறையும். ஒரு வேகத்துக்கு மேல் அடங்கவே அடங்காது. பாரம் எவ்வளவு என்பதோடு, எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கனமான பொருள்கள் அச்சுக்கு மேலே, தரையோடு ஒட்டி இருந்தால் ஆட்டம் மெதுவாகவே எழும். கேரவனின் இரு கோடிகளிலும் கனம் இருந்தால், முன்பாரக் கணக்கு சரியாக வந்தாலும், ஒருமுறை ஆடத் தொடங்கியது எளிதில் நிற்காது. அரிசிப் பை அச்சின்மேல் தரையில், இலேசான போர்வை பின்னால் மேல் அலமாரியில் என்று வைப்பதே சரி. ஆடத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும். வேகத்தைக் கூட்டினால் ஆட்டம் நேராகிவிடும் என்ற பழைய பேச்சை நம்பி உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

இன்று கேரவனின் முனையில் உராய்வால் ஆட்டத்தைத் தணிக்கும் ஸ்டெபிலைசர் வருகிறது. ஆட்டத்தைக் கண்டு கேரவனின் பிரேக்கைத் தானே போடும் மின்னணுக் கருவியும் வருகிறது. கார்களிலும் பின்வண்டி ஆட்டத்தை உணர்ந்து சக்கரங்களைத் தனித்தனியே பிடிக்கும் வசதி உண்டு. ஆனால் பின்னால் ஒரு வண்டி பூட்டியிருக்கிறது என்று காருக்குத் தெரிந்தால்தான் அந்த வசதி முறையாக வேலை செய்யும். டோபாலைத் தாங்கும் டோபாரைப் பொருத்தும்போது காரின் கணினியோடு பேசும் உரிய வயரிங்கைப் போடாமல், விலை குறைவென்று பொது வயரிங்கைப் போட்டால், காருக்கு அது தெரியாமலே போகலாம். அந்தச் சேமிப்பு வேண்டாத சேமிப்பு.

ஏற்றமும் இறக்கமும்

வடக்கு யார்க்‌ஷயரில் சட்டன் பேங்க் என்ற ஏற்றம் உண்டு. நான்கடிக்கு ஓரடி ஏறும் செங்குத்துச் சாலை. அதில் கேரவன்களுக்கு அனுமதி இல்லை. சுற்றுப்பாதையில்தான் போக வேண்டும். காரணத்தை ஒரு கணக்கில் காட்டலாம். காரும் கேரவனும் சேர்ந்து 3,000 கிலோ என்றால், 12 விழுக்காட்டு ஏற்றத்தில் புவியீர்ப்பு மட்டுமே ஏறத்தாழ 360 கிலோ எடையைக் கயிறு கட்டித் தொங்கவிட்டதுபோல் பின்னால் இழுக்கும். சட்டன் பேங்கில் அது 700 கிலோவைத் தாண்டும். பாதியில் நின்றுபோன கேரவனைப் பின்னோக்கி இறக்குவது தேர்ந்தவர்களுக்கே கடினம்.

இங்கேதான் எஞ்சின் பேச்சு வருகிறது. ஊர்ப்பக்கம் டிராக்டர்காரர்கள் “வண்டிக்கு இழுவை நல்லா இருக்கு” என்பார்கள். அவர்கள் சொல்வது குதிரைத்திறனை அல்ல. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே கிடைக்கும் முறுக்குவிசையை. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் கார்களையே எடுத்துக்கொள்வோம். 150 குதிரைத்திறன் கொண்ட 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினின் முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர். அதே 150 குதிரைத்திறன் கொண்ட 2 லிட்டர் டீசல் எஞ்சினுக்கு ஏறத்தாழ 340. விளம்பரப் பலகையில் இரண்டும் ஒரே எண். மலையில் இரண்டும் வேறு வண்டி. டீசல் நெடுங்காலம் கேரவன்காரர்களின் எரிபொருளாக இருந்ததற்குக் காரணம் இதுவே.

அந்தக் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. பத்தாண்டு முன் பிரிட்டனில் விற்ற புதுக் கார்களில் ஏறத்தாழப் பாதி டீசல்; இன்று பத்தில் ஒன்றுகூட இல்லை. ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களின் புகைச் சோதனையில் ஏமாற்றியது 2015-இல் வெளிவந்து மக்களின் நம்பிக்கையைக் குலைத்தது. லண்டனில் 2023 ஆகஸ்டில் நகரம் முழுவதற்கும் விரிந்த புகைக் கட்டுப்பாட்டு மண்டலத்தில், யூரோ 6 தரத்துக்குக் குறைந்த டீசல் கார் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். கேரவன் இழுப்பவர்கள் விரும்பிய எஸ்டேட் கார்களும் குறைந்துவருகின்றன. ஃபோர்டு மொண்டியோவின் உற்பத்தி 2022-இல் ஐரோப்பாவில் நின்றது. பழைய காராகத் தேடுகிறவருக்கு நல்ல டீசல் எஸ்டேட்கள் இன்னும் கிடைக்கின்றன. லண்டனில் வசிப்பவர் யூரோ 6 தானா என்று உறுதி செய்துகொண்டு வாங்கலாம். ஆண்டு முழுவதும் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டி, இரண்டு வாரம் கேரவன் இழுக்கும் குடும்பத்துக்கு டீசலை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறுந்தூர ஓட்டத்தில் அதன் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பழுதுச் செலவு பெரிது. அவர்களுக்கு டர்போ பெட்ரோலே போதும். எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், அவ்வளவுதான்.

கியர்பாக்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கேரவனைப் பின்னோக்கிச் சிறு இடத்தில் நிறுத்தும்போதும் ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக நகரும்போதும் கிளட்ச் கருகும் வாடை பலருக்கும் பழக்கம். டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் அந்தத் தொல்லையைத் தீர்த்துவிடும். என் தேர்வு அதுவே.

இறக்கம் ஏற்றத்தைவிட அபாயமானது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கேரவனுக்குப் பிரேக் மிதி கிடையாது. கார் வேகம் குறைக்க, கேரவன் முன்னால் தள்ள, அந்தத் தள்ளலே அதன் பிரேக்கைப் பிடிக்கிறது. அதாவது கார் முதலில் அடக்கினால்தான் கேரவன் அடங்கும். டெவன், கார்ன்வால் கடற்கரைகளுக்கு ஆகஸ்ட் மாதம் கேரவன்கள் வரிசையாகப் போகும்போது எக்ஸிட்டர் தாண்டியதும் ஹால்டன் ஹில், டெலிகிராஃப் ஹில் என்று நீண்ட சரிவுகள் வருகின்றன. அங்கே இலேசான கார் கனமான கேரவனோடு வேகமாக இறங்கினால், பின்னாலிருந்து தள்ளும் விசை காரின் பின்சக்கரங்களை வழுக்க வைக்கும். இறங்கத் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, சின்ன கியரில் எஞ்சினே பிடித்து இறக்கும்படி விட வேண்டும். கனமான கார், எஞ்சின் பிடிப்பு, நல்ல பின்டயர், டயரில் கையேடு சொல்லும் முழுக் காற்று: இறக்கத்தில் காப்பவை இவை.

மின்காரின் புதிர்

85 விழுக்காட்டுக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் மின்காரைப்போல் இழுவைக்கு ஏற்றது இல்லை. தரையோடு படிந்த கனமான பேட்டரி, நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசை, இறக்கத்தில் மோட்டாரே பிரேக். ஆனால் நிறுவனங்கள் கொடுத்த அனுமதி அந்த எடைக்குப் பொருந்தவில்லை. ஃபோக்ஸ்வாகன் ஐ.டி.4 இரண்டு டன்னைத் தாண்டும் கார். அதில் முதலில் வந்த பின்சக்கர இழுவை வகைகளுக்கு அனுமதி 1,000 கிலோ. ஐ.டி.3-இல் டோபால் பொருத்தலாம், மிதிவண்டித் தாங்கிக்கு மட்டும். பின்வண்டி கட்டக் கூடாது. பழைய நிஸான் லீஃப் எதையும் இழுக்க அனுமதி பெறவில்லை. டெஸ்லா மாடல் ஒய் 1,600 கிலோ, ஹூண்டாய் அயோனிக் 5-இன் பெரிய பேட்டரி வகை 1,600 கிலோ, பி.எம்.டபிள்யூ. ஐ.எக்ஸ். 2,500 கிலோ என்று இழுக்கக்கூடியவையும் வந்துவிட்டன. மின்கார் என்ற பெயரை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஒவ்வொரு காரின் தகட்டையும் தனியே பார்க்க வேண்டும்.

மின்காரின் பெரிய தடை காற்று. கேரவனின் முகப்பு ஏறத்தாழ ஐந்து சதுர மீட்டர். காரின் முகப்பைப்போல் இரண்டு மடங்கு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடும். கேரவன் கட்டினால் ஒரு சார்ஜில் போகும் தூரம் ஏறத்தாழப் பாதியாகிறது. டீசல் காரும் அதே காற்றைத்தான் எதிர்க்கிறது. ஆனால் அதற்கு ஐந்து நிமிடத்தில் தொட்டி நிரம்பும். சார்ஜ் நிலையங்களில் பெரும்பாலானவை சாதாரணக் கார் நிறுத்தும் இடத்தில் இருப்பதால், கேரவனைக் கழற்றி எங்காவது நிறுத்திவிட்டுத்தான் காரைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. பின்வண்டியோடு நேராக நுழைந்து வெளியேறும் நிலையங்கள் பெருகும்வரை, மின்காரோடு கேரவன் பயணம் பொறுமையுள்ள, குறுந்தூரப் பயணிக்கே ஏற்றது.

ஹைபிரிட் கார்களில் ஒரே பெயருக்குள் இரண்டு வேறு கார்கள் ஒளிந்திருக்கும். டொயோட்டா ராவ்4 ஹைபிரிட் முன்சக்கர இழுவை என்றால் அனுமதி 800 கிலோ. நான்கு சக்கர இழுவை என்றால் 1,650. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் காண்பது கடினம். பழைய கார் விளம்பரம் பார்த்து வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

பிற நாடுகள் என்ன செய்கின்றன

ஜெர்மனியில் கேரவனோடு மோட்டார்வேயில் 80 கிலோமீட்டர் வேகம்தான் பொதுவிதி. 100-இல் போக வேண்டுமானால் தனி அனுமதிச் சின்னம் ஒட்ட வேண்டும். அதற்கு நிபந்தனைகள் உண்டு: காருக்கு ஏ.பி.எஸ்., கேரவன் டயர் ஆறு ஆண்டுக்கு உட்பட்டது, கேரவனில் அதிர்வு தாங்கி. எடையிலும் கணக்கு உண்டு. ஸ்டெபிலைசர் இல்லாவிட்டால் கேரவனின் அனுமதிக்கப்பட்ட எடை காரின் எடையில் 80 விழுக்காட்டுக்குள்; இருந்தால் 100 விழுக்காட்டுக்குள். பிரிட்டன் அறிவுரையாகச் சொல்வதை ஜெர்மனி வேகத்தோடு இணைத்துச் சட்டமாக்கியிருக்கிறது. எனக்கு அந்த வழியே நேர்மையானதாகப் படுகிறது.

ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் கதை வேறு. அங்கே கேரவன்கள் இரண்டு, மூன்று டன் என்று கனக்கும். முன்பாரம் 10 விழுக்காட்டை ஒட்டியோ மேலாகவோ வைப்பார்கள். லேண்ட்குரூஸர், பெரிய பிக்கப் என்று தனிச் சட்டகத்தின்மேல் கட்டிய வண்டிகளால் இழுப்பார்கள். மெல்பர்னிலோ சிட்னியிலோ இருக்கும் உறவினர் “பத்து விழுக்காடு வை” என்றால் அது அந்நாட்டு வண்டிக்குச் சரி. அதை அப்படியே பிரிட்டன் கேரவனில் செய்தால் டோபால் வரம்பு தாண்டிவிடும். அறிவுரையோடு அது எந்த நாட்டு வண்டிக்கு உரியது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிரிட்டனில் சட்டம் தளர்ந்திருக்கிறது. 1997 ஜனவரி முதல் உரிமம் பெற்றவர்கள் பெரிய பின்வண்டி இழுக்கத் தனி ஓட்டுநர் தேர்வில் தேற வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அந்தத் தேர்வு இல்லை. சாதாரணக் கார் உரிமம் உள்ள எவரும் 3,500 கிலோ வரை இழுக்கலாம். நேற்று உரிமம் பெற்ற இளைஞர் இன்று இரண்டு டன் வீட்டைக் கட்டிக்கொண்டு மோட்டார்வே ஏறலாம். இது தவறான முடிவு என்றே நான் கருதுகிறேன். மற்ற விதிகள் இருக்கின்றன: நடுப்பிரிவு இல்லாத சாலையில் 50 மைல், மோட்டார்வேயில் 60 மைல், மூன்றோ அதற்கு மேலோ தடமுள்ள மோட்டார்வேயில் வலது கோடித் தடத்துக்குப் போகக் கூடாது, கேரவன் காரைவிட அகலமென்றால் நீட்டிய கண்ணாடிகள் கட்டாயம். கேரவன் சங்கங்கள் ஒருநாள், இருநாள் பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றன. தேர்வு போய்விட்டாலும் அந்த வகுப்புக்குப் போவது நல்லது.

என் தீர்ப்பு

முதன்முதலாகக் கேரவன் வாங்கும் நான்கு பேர் குடும்பத்துக்கு, கையிலிருக்கும் காரிலிருந்து தொடங்கச் சொல்வேன். அதன் எடையில் 85 விழுக்காட்டைக் கணக்கிட்டு, அந்த அளவுக்குள் அடங்கும் கேரவனைத் தேடினால் செலவு மிச்சம். எரிபா என்ற நிறுவனத்தின் சிறிய கேரவன்கள் சாதாரணக் காருக்கும் பொருந்தும். கேரவனை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு அதற்கேற்ற காருக்கு அலைவது இரட்டைச் செலவு.

காரும் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால், 1,400 கிலோ அளவுள்ள கேரவனுக்கு நான் தேர்வது 1,650 கிலோவுக்குக் குறையாத, நீண்ட எஸ்டேட் கார். ஸ்கோடா சூப்பர்ப் எஸ்டேட்டின் கனமான வகைகள் போன்றது. ஈரப் புல்வெளியில் அடிக்கடி நிறுத்துகிறவர் நான்கு சக்கர இழுவை உள்ள நடுத்தர எஸ்.யூ.வி.க்குப் போகலாம். பிக்கப்பை விடுமுறைக்கு மட்டும் வாங்காதீர்கள். பின் அச்சுக்கும் டோபாலுக்கும் இடைவெளி மிகுதி; சரக்கு ஏற்றாதபோது பின்புறம் துள்ளும். அன்றாடத் தொழிலுக்கு அது தேவைப்படுகிறவருக்கே ஏற்றது.

பணம் கட்டும் முன் இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். வாங்கப்போகும் காரின் தகட்டை நீங்களே குனிந்து படித்து, நான்கு எண்களையும் டோபால் வரம்பையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கேரவன் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், விடுமுறைக்குப் போவதுபோலவே துணிமணி, பாத்திரம், அரிசிப் பை எல்லாவற்றையும் ஏற்றி, அருகிலுள்ள எடைமேடைக்கு ஒருமுறை கொண்டுபோய் நிறுத்துங்கள். அதற்குச் சில பவுண்டுகள்தான் ஆகும். அந்தச் சீட்டில் வரும் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு காரைத் தேடப் போங்கள்.